ஹம்பக்கர் உபாசகர்

அன்பர் வீட்டில் மூன்று மின்சாரக் கிட்டார்கள் உண்டு. எந்த நாளில் சென்றாலும் அவற்றில் ஒன்றாவது தந்திகள் கழற்றப்பட்டு, வயிறு திறக்கப்பட்டு, கறுப்பும் சிவப்பும் வெள்ளையும் பச்சையுமான ஒயர்கள் வெளியே துருத்திக்கொண்டிருக்க, பழைய போர்வை ஒன்றின் மேல் மல்லாந்து கிடப்பதைக் காணலாம். பக்கத்தில் சால்டரிங் அயர்ன் புகைந்துகொண்டிருக்கும். அதன் மணம் மாடிப்படி வழியாக இறங்கி வந்து, மேலே இன்றைக்கும் பிக்கப் மாற்றும் வைபவம் நடைபெறுகிறது என்று அயலார் அனைவருக்கும் அறிவித்துவிடும். அவருடைய பெயரை நான் இங்கே சொல்லப் போவதில்லை; சொன்னால், அந்தப் பெயரில்லாத அநேகர் இது தங்களைப் பற்றியதல்ல என்று நிம்மதியடைந்துவிடக் கூடும். பகலில் கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகமும் இரவில் நாத உபாசனையுமாகக் காலம் கழிக்கும் இந்த இனத்தார் சென்னையில் வேளச்சேரியிலும் இருக்கிறார்கள், பெங்களூரிலும் இருக்கிறார்கள்; அமெரிக்காவில் வீதிக்கு ஒருவராவது இருப்பார் என்பது என் அபிப்பிராயம்.

பிக்கப் என்பது பார்வைக்குப் பிரமாதமான வஸ்து அல்ல. ஒரு காந்தமும், அதைச் சார்ந்து, மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்கு கனமுள்ள செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான தடவை சுற்றிய காயிலும் சேர்ந்தால் பிக்கப் ஆகிவிட்டது. மேலே உருக்குத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் சலனமடைந்து காயிலில் துளி மின்சாரம் பிறக்கிறது. அதை ஆம்ப்ளிஃபயர் பன்மடங்கு பெருக்கி அடுத்த வீட்டாரின் நித்திரையைக் கெடுக்கிறது. ஒற்றைக் காயிலுக்கு மாத்திரம் ஒரு தோஷம் உண்டு. அருகில் டிரான்ஸ்ஃபார்மரோ டியூப் லைட்டோ இருந்தால், வீட்டு மின்சாரத்தின் உறுமலையும் அது தந்தியின் ஒலியோடு சேர்த்தே வாங்கிக்கொள்ளும். இந்தத் தோஷத்துக்குப் பரிகாரம் தேடியவர்களில் ஒருவர், மிஷிகன் ராஜ்யத்துக் கலமசூ நகரில், கிப்ஸன் கம்பெனியில் பணிபுரிந்த ஸெத் லவர் என்ற எஞ்ஜினீயர். இரண்டு காயில்களை அக்கம்பக்கமாக வைத்து, காந்தத் துருவத்தையும் சுற்றின் திசையையும் ஒன்றுக்கொன்று எதிராக அமைத்து, வெளியிலிருந்து புகும் உறுமல் இரண்டிலும் எதிரெதிராகத் தோன்றித் தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளும்படியும், தந்தியின் ஒலி மட்டும் ஒன்றுகூடி நிற்கும்படியும் செய்து, 1955ஆம் வருஷம் அவர் பேடண்டுக்கு விண்ணப்பித்தார். அதுவே ஹம்பக்கர். இரைச்சலை ஒழிக்கவேண்டும் என்பதுதான் அந்த மனிதருடைய நோக்கம். அதில் அவர் சித்தியும் அடைந்தார். விஷயம் அத்துடன் முடிந்திருந்தால் அன்பருடைய மாதச் சம்பளம் வேறு எதற்காவது உபயோகப்பட்டிருக்கும்.

முடியவில்லை. 1957 முதல் சில வருஷ காலம் கிப்ஸன் கிட்டார்களில் பொருத்திய ஹம்பக்கர்களின் அடியில், பேடண்டுக்கு விண்ணப்பித்திருக்கிறோம் என்று தெரிவிக்கும் சிறு சீட்டு ஒன்றை ஒட்டினார்கள். அதன் ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்து பி.ஏ.எஃப். என்று உச்சரிக்கும்போதெல்லாம் அன்பருடைய குரல் தானாகவே தாழ்ந்துவிடுகிறது. 1959இல் பேடண்டு கிடைத்த பின்னும் பழைய சீட்டையே ஒட்டி வந்தவர்கள், 1962 வாக்கில் எண்ணோடு கூடிய புதுச் சீட்டை அச்சிட்டார்கள். அதில் கண்ட 2737842 என்ற எண்ணோ ஹம்பக்கருடையதே அல்ல; லெஸ் பால் என்ற கிட்டார் வித்வான், தந்திகளின் கடைக்கோடியை மாட்டும் உறுப்பு ஒன்றுக்காக வாங்கிய பேடண்டின் எண். போட்டிக்காரர்களைத் திசைதிருப்ப வேண்டுமென்றே செய்த சூழ்ச்சி என்பது ஒரு கட்சி, வெறும் கவனப்பிசகு என்பது மறு கட்சி. ஆதார் எண்ணைக் கேட்டால் பர்ஸைத் துழாவும் அன்பர், இந்த ஏழு இலக்கங்களை மட்டும் தடங்கலின்றி ஒப்பிப்பதுடன், இரண்டு கட்சிகளுக்காகவும் வெவ்வேறு நாட்களில் சமமான ஆவேசத்துடன் வாதாடியும் இருக்கிறார்.

அந்தப் பழைய பிக்கப்களுக்கு மகிமை ஏற்பட்ட விதத்தை ஆராய்ந்தால் சிரிப்பு வருகிறது. காயில் சுற்றிய யந்திரங்கள் சுற்றுகளைத் துல்லியமாக எண்ணி நிற்கவில்லை. ஆகையால் ஒன்றில் கூடுதலாகவும் ஒன்றில் குறைவாகவும் கம்பி ஏறியது. அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த அல்நிகோ காந்தத்தில் பல தரங்கள் உண்டு; கைக்கு எது கிடைத்ததோ அதைப் பொருத்தினார்கள். கறுப்புப் பிளாஸ்டிக்குக்குத் தட்டுப்பாடு ஏற்பட்ட காலத்தில் வெளிறிய நிறத்தில் காயில் சட்டங்கள் வந்து சேர்ந்தன. மேலே உலோக மூடி போட்டு மறைக்கப் போகிறோம், நிறம் எதுவானால் என்ன என்று அவற்றையும் போட்டார்கள். இன்று அந்த அலட்சியம் முழுவதையும் அணுவளவும் பிசகாமல் நகல் எடுத்துத் தருவதற்கென்றே நிபுணர்கள் இருக்கிறார்கள். இரண்டு காயில்களின் சுற்றும் சமமாக இராமல் வேண்டுமென்றே ஏற்றத்தாழ்வு வைத்துச் சுற்றுகிறார்கள். அப்படிச் சுற்றினால், ஸெத் லவர் அரும்பாடுபட்டு விரட்டிய உறுமலில் இத்தனூண்டு திரும்பி வந்துவிடும். அந்த இத்தனூண்டு உறுமலுக்காகத்தான் அன்பர் தபால் செலவும் சுங்க வரியும் கட்டுகிறார்.

பிக்கப்பை மாற்றுவதே ஒரு வியாபாரமாக உருவெடுத்தது 1970களில். நியூயார்க்கில் லாரி டிமார்ஸியோ என்பவர் பழைய கிட்டாரில் போட்டுக்கொள்ளும்படியாக, வீறு மிகுந்த பிக்கப் ஒன்றைத் தயாரித்து விற்றார். 1976இல் கலிஃபோர்னியாவில் ஸீமோர் டங்கன் தமது ஸ்தாபனத்தைத் தொடங்கினார். அதன் பிறகு கம்பெனிகள் பல்கிப் பெருகின. அன்பர் அவை அனைத்தின் ஜாபிதாவையும் மனப்பாடமாக வைத்திருக்கிறார். பிரிட்ஜுக்குப் பக்கத்தில் இருப்பது 8.4 கிலோ ஓம், கழுத்துப் பக்கம் இருப்பது 7.5, அங்கே அல்நிகோ ஐந்து, இங்கே அல்நிகோ இரண்டு என்று காகிதத்தில் கட்டம் போட்டுக்கொண்டு அவர் பரிசீலிப்பதைப் பார்த்தால், பெண் வீட்டுக்கும் பிள்ளை வீட்டுக்கும் நடுவில் உட்கார்ந்து ஜாதகப் பொருத்தம் பார்க்கும் ஜோஸியருடைய முகமே நினைவுக்கு வரும். பத்துப் பொருத்தமும் பார்த்துச் செய்த சம்பந்தம் மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து நான் பார்த்ததில்லை.

ஆனாலும் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அவர் அடையும் ஆனந்தம் பாசாங்கானதல்ல. அதற்குப் பௌதிகக் காரணம் ஒன்று இருக்கிறது. பிக்கப்பைக் கழற்ற வேண்டுமானால் தந்திகளைக் கழற்றியாக வேண்டும். கழற்றிய பழந்தந்தியை மறுபடி யார் மாட்டுவார்கள்? புதுத் தந்தி மாட்டுகிறார். கையழுக்கும் துருவும் ஏறாத புதுத் தந்தி, எந்தப் பிக்கப்பின் மேல் நின்றாலும் இரண்டு வாரம் பளீரென்றுதான் பேசும். போதாக்குறைக்கு, புதுப் பிக்கப்பின் உயரம் பழையதன் உயரமாக இராது. தந்திக்கு அரை மில்லிமீட்டர் நெருங்கினாலே ஒலி கனத்துவிடும். கழற்றுவதற்கும் மாட்டுவதற்கும் நடுவே மத்தியானச் சாப்பாடும் ஒரு சிறு தூக்கமும் வேறு கழிந்திருக்கும். காலையில் கேட்ட ஒலியைச் செவியில் அப்படியே பத்திரப்படுத்தி வைத்திருந்து மாலையில் கேட்பதோடு ஒப்பிடும் ஆற்றல் மனிதப் பிறவிக்கு உண்டா என்று ஒரு முறை கேட்டேன். அவர் என்னை, காது மந்தமானவர்களிடம் காட்டவேண்டிய கருணையோடு பார்த்தார்.

அவர் உண்மையில் சங்கீதக்காரர் அல்லர், சாகித்தியக்காரர் என்பது என் துணிபு. வாசிப்பதெல்லாம் ஒரே ஒரு சிறு துணுக்குதான். அதைப் பற்றி அவர் கையாளும் விசேஷணங்களோ அளவிறந்தவை. கீழே கொஞ்சம் சேறு, நடுவில் தேன், மேலே கண்ணாடித் தூள், ஓரத்தில் பழைய மரத்தின் சுவாசம் என்றெல்லாம் ஓர் ஆறு தந்தி வாத்தியத்தைப் பற்றி அவர் வர்ணிக்கும்போது, இவர் எழுத்துத் துறையில் புகாமல் போனது நமது பத்திரிகைகளுக்கு நஷ்டமா லாபமா என்று தீர்மானிக்க இயலாமல் திகைத்திருக்கிறேன். இந்தப் பேச்சுக்கு ஆதிகாரணமும் ஹம்பக்கருக்குள்ளேயே இருக்கிறது. ஸெத் லவர் முதலில் வகுத்த அமைப்பில், மேலே வரிசையாகத் தெரியும் அந்த ஆறு திருகாணிகள் இல்லை. விற்பனைப் பகுதியார்தான் அவற்றைக் கேட்டு வாங்கினார்களாம். திருகுவதற்கு ஏதாவது இருந்தால்தானே கடையில் வாடிக்கைக்காரரோடு பேசுவதற்கு விஷயம் இருக்கும்!

அவருடைய மனைவி இந்தச் சாகித்தியத்தில் தேர்ச்சி பெற்றுவிட்டார். ஆரம்ப காலத்தில், "இதைக் கொஞ்சம் கேளேன், முன்னைக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று அன்பர் கேட்டால், "எல்லாம் ஒண்ணு போலத்தாங்க இருக்கு" என்று அந்த அம்மாள் சத்தியத்தைச் சொல்லி, ஒரு வார காலத்துக்கு வீட்டில் துக்கத்தை வரவழைத்துக்கொண்டார். இப்பொழுது அடுக்களையிலிருந்து திரும்பிப் பாராமலே, "நடுவிலே கொஞ்சம் கனம் கூடியிருக்குங்க, மேலே அந்தக் கூச்சம் போயிடுச்சு" என்கிறார். அன்பருக்குக் கண் கலங்கிவிடுகிறது. "எப்படியம்மா கண்டுபிடிக்கிறீர்கள்?" என்று நான் தனியாக விசாரித்தபோது, "கண்டுபிடிக்க என்ன இருக்கு அண்ணா? போன தடவை நடுவிலே குறைச்சல்னு அவரேதானே குறைப்பட்டார்" என்றார்.

சென்ற ஆண்டு நிகழ்ந்த ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. நான்கு ஒயர் உள்ள ஹம்பக்கரில் எந்த நிறம் எதற்கு என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி சம்பிரதாயம் வேறு. டங்கனுக்குக் கறுப்பு ஒயரில் ஒலி வெளியே வரும், டிமார்ஸியோவுக்குச் சிவப்பு ஒயரில் வரும். இந்தக் குழப்பத்தில் அன்பர் ஒன்றைப் பொருத்தும்போது, ஒலி வெளியே வரும் ஒயரையும் தரைக்குப் போகும் ஒயரையும் இடம் மாற்றி இணைத்துவிட்டார். தனித்தனியே வாசித்தால் குறை தெரியவில்லை. இரண்டு பிக்கப்பையும் ஒன்றாகப் பேசவிட்டபோது, ஒன்றின் அலையை மற்றொன்று அறுத்து, ஒலி வற்றிச் சுருங்கி, ஜலதோஷம் பிடித்தவர் மூக்கால் பேசுவதைப் போலக் கேட்டது. பிறராக இருந்தால் ஒயரை மாற்றியிருப்பார்கள். அன்பருக்கோ ஃப்ளீட்வுட் மேக் குழுவின் பீட்டர் கிரீன் நினைவுக்கு வந்தார். அந்த மகாவித்வானுடைய 1959ஆம் வருஷத்து லெஸ் பால் கிட்டாரில், கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பின் காந்தம் தலைகீழாக இருந்ததால், இரண்டு பிக்கப்பும் சேர்ந்து பேசும் ஸ்விட்சின் நடு ஸ்தானத்தில் இதே போன்ற ஒலிதான் பிறந்தது; அந்தப் பிசகினாலேயே அது பிரக்யாதி பெற்று, பின்னர் கேரி மூரின் கைக்கும், அதன் பின் மெட்டாலிகாவின் கர்க் ஹாமெட்டின் கைக்கும் போய்ச் சேர்ந்தது. ஆகவே அன்பர் தம் பிழையைப் பாக்கியமாகப் பாவித்து, வருகிறவர் போகிறவரையெல்லாம் உட்கார்த்தி வைத்து அந்த மூக்கொலியைக் கேட்கச் செய்தார். பிறகு ஒரு நாள் அந்த ஒலி சலித்துப் போயிற்று. ஒயரை மாற்றினாரா என்றால் இல்லை, பிக்கப்பையே மாற்றினார்.

இப்பொழுது அவருடைய கவனம் வால்யூம் திருகும் பொட்டென்ஷியாமீட்டரின் மேல் திரும்பியிருக்கிறது. ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் போடுவது வழக்கம். ஆனால் 500 என்று முத்திரை குத்தியது அளந்தால் 400ஆகவும் இருக்கலாம், 600ஆகவும் இருக்கலாம். இத்தகைய சுதந்திரத்தை அன்பர் சகிப்பாரா? மல்டிமீட்டரைப் பைக்குள் போட்டுக்கொண்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் புறப்பட்டார். வேடிக்கை பார்க்க நானும் போனேன். கடைக்காரப் பையன் டப்பாவை நகர்த்தி வைக்க, இவர் ஒவ்வொன்றாக அளந்து அளந்து ஒதுக்கினார். "சார், எல்லாம் 500 கே பாட்தான் சார், ஒண்ணுதான்" என்று பையன் சொல்லிப் பார்த்தான். அன்பர் அதற்குச் செவிசாய்க்கவில்லை. உள்ளே உட்கார்ந்திருந்த முதலாளி சற்று நேரம் இந்தக் காட்சியைக் கவனித்திருந்துவிட்டு எழுந்து வந்தார், பையனை அப்பால் அனுப்பினார், மேல் தட்டிலிருந்து தூசி படிந்த காகிதப் பொட்டலம் ஒன்றை இறக்கி, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்களை மாதிரி விஷயம் தெரிஞ்சவங்களுக்குன்னு தனியா வெச்சிருக்கேன் சார். பழைய ஸ்டாக். இப்பல்லாம் இந்த மாதிரி வர்றதில்லை" என்றார். விலை மூன்று மடங்கு. அன்பர் மீட்டரைப் பைக்குள் திணித்துவிட்டு, பேரம் பேசாமல் பணத்தை எண்ணிக் கொடுத்து, இன்னும் எத்தனை இருக்கிறது என்று கேட்டார்.