தேரை கக்காத மாணிக்கம்

பரணை ஒழித்துக்கொண்டிருந்தபோது ஒரு சாக்குப்பை என் தலையில் விழுந்தது. உள்ளே என் எழுத்துலக வாழ்க்கை. கரையான் தின்றது போக மிச்சம். 1990களின் கடைசியில் ஒரு மாதப் பத்திரிகையில் நான் எழுதிய தொடர் அது. தலைப்பு: ‘பல், மணி, வண்ணம்.’

என்ன ஆழமான கருப்பொருள் என்று அப்போது சிலர் வியந்தார்கள். ஆழமும் இல்லை, அகலமும் இல்லை. பத்திரிகைக்கு இருந்த விளம்பரதாரர்களே மூன்று பேர்தான்: ஒரு பல்பொடிக்காரர், ஒரு நகைக்கடைக்காரர், ஒரு பெயின்ட் கடைக்காரர். “மூணு பேருக்கும் மனசு குளிர்ற மாதிரி ஏதாவது எழுதுய்யா” என்றார் ஆசிரியர். எழுதினேன். சன்மானத்தில் ஒரு பகுதி ரோஸ் நிறப் பல்பொடிப் பொட்டலங்களாக வந்தது. அதால் பல் துலக்கியதைவிட என் பிள்ளைகள் தின்றதுதான் அதிகம்.

முதல் அத்தியாயம் தேரையைப் பற்றியது. கிழட்டுத் தேரையின் தலைக்குள் ஒரு மணி இருக்கிறது என்று ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் நம்பினார்கள். அதை மோதிரத்தில் பதித்துப் போட்டுக்கொண்டால் போதும், பக்கத்தில் விஷம் வந்தால் மோதிரம் சுடும். அரண்மனைப் பந்தியில் உட்காருகிற பிரபுவுக்கு இலையைவிட இதுதான் முக்கியம். ஆனால் மணியைச் செத்த தேரையின் தலையைப் பிளந்து எடுத்தால் பலிக்காதாம். உயிரோடு இருக்கும்போதே அது மனமுவந்து கக்க வேண்டும். கக்கவைக்க வழி? ஒரு சிவப்புத் துணியை விரித்து, அதன் மேல் தேரையை உட்கார வைப்பது. சிவப்பைக் கண்டால் அதற்குக் குஷி வந்துவிடுமாம். தேரையைப் பேட்டி கண்டு சொன்னவர் யார் என்று தெரியவில்லை.

பல், மணி, வண்ணம் மூன்றும் ஒரே கதையில்! பல் எங்கே என்கிறீர்களா? வருகிறேன்.

அன்செல்மஸ் தெ பூட் என்று ஒருவர். பின்னாளில் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபின் அரண்மனை வைத்தியரானவர். 1609இல் மணிகளைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் எழுதியவர். இளவயதில் இந்தக் கதையை நம்பி ஒரு கிழட்டுத் தேரையைப் பிடித்துவந்து, சிவப்புத் துணி விரித்து உட்கார வைத்தார். ராத்திரி முழுக்கக் கண்ணை மூடாமல் காத்திருந்தார். அவர் தேரையைப் பார்த்தார். தேரை அவரைப் பார்த்தது. விடிந்தது. மணியும் இல்லை, மண்ணும் இல்லை. நடந்ததை மறைக்காமல் புத்தகத்தில் எழுதியும் வைத்துவிட்டார்.

என் கட்டுரையில் இந்த மனிதரை நான் ‘சிவப்புத் துணி அசடு’ என்று எழுதியிருந்தேன். இப்போது படிக்கும்போது காது சுடுகிறது. இத்தனை நூற்றாண்டுகளில் எழுந்து போய்ச் சோதித்துப் பார்த்த ஆளைப் பிடித்து அசடு என்றிருக்கிறேன். நாகம் ராத்திரியில் மாணிக்கத்தைக் கக்கிவைத்து, அந்த வெளிச்சத்தில் இரை தேடும், மரத்தில் காத்திருந்து அதன் மேல் சாணியைப் போட்டால் மாணிக்கம் நமக்கு என்று என் பாட்டி சொல்லி, நான் வாய் பிளந்து கேட்டிருக்கிறேன். ஒரு ராத்திரி, ஒரே ஒரு ராத்திரி, சாணிக் கூடையோடு மரமேறியதுண்டா?

அந்தத் தேரைக் கல் கடைசியில் என்னவென்றால், பல கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த லெபிடோட்டஸ் என்ற மீனின் பல், கல்லாய்ப் போனது. சிப்பியை நொறுக்குவதற்கென்றே சட்டைப் பொத்தான் மாதிரி உருண்டையாய் இருந்த பல். விஷத்துக்குப் பயந்த பிரபுக்கள் தலைமுறை தலைமுறையாக விரலில் மாட்டிக்கொண்டு திரிந்தது ஒரு மீனின் பல்லை. மால்டா தீவில் கிடைத்த கல்லான சுறாப் பற்களைப் பாம்பின் நாக்கு என்று சொல்லி விற்றதும் இதே விஷ வியாபாரம்தான். 1666இல் இத்தாலியின் லிவோர்னோ பக்கம் பிடிபட்ட ஒரு பெரிய சுறாவின் தலையை ஸ்டெனோ என்ற விஞ்ஞானி அறுத்துப் பார்த்து, நாக்கு இல்லையப்பா, பல் என்றார். வியாபாரிகள் அவரை மன்னித்திருக்க மாட்டார்கள்.

இரண்டாம் அத்தியாயம், நான் ரொம்பவும் பெருமைப்பட்டது. பிரான்சின் தெற்கே சிமோர் என்ற ஊர். மண்ணைத் தோண்டினால் மாஸ்டடான் என்ற பழங்கால யானை இனத்தின் தந்தமும் பல்லும் கிடைக்கும். ஒரு கோடி ஆண்டுக்கும் மேற்பட்டவை. அதைச் சூளையில் போட்டு வாட்டினால் நீலம் பூத்துவிடும். பெர்ஷியாவின் நீலப்பச்சைக் கல்லுக்குப் போட்டியாக, மத்திய காலத்திலேயே தேவாலயச் சிலுவைகளிலும் பேழைகளிலும் இதைப் பதித்திருக்கிறார்கள். பக்தர்கள் கும்பிட்டு நின்ற பேழையில் மினுங்கியது, வெந்த யானைப்பல். 1715இல் ரேயோமூர் என்ற விஞ்ஞானி இதை ஆராய்ந்து பாரிஸ் அகாடமியில் விளக்கினார்.

இந்த நீலம் எப்படி வந்தது? ‘இரும்பு! இரும்புதான்!’ என்று இரண்டு ஆச்சரியக்குறி போட்டு எழுதியிருந்தேன். ஒரு வேதியியல் வாத்தியார் பாராட்டிக் கார்டு போட்டார். 2001இல் ஒரு ஆய்வு வந்தது: இரும்பு இல்லை, மாங்கனீசு. சுமார் 600 டிகிரி சூட்டில் அதன் அணு நிலை மாறி நீலமாகிறது. நானும் வாத்தியாரும் மட்டும் ஏமாந்திருந்தால் வெட்கப்படலாம். உலகத்துப் பாடப்புத்தகங்களும் கூடவே ஏமாந்திருந்தன என்பதில் ஒரு அற்ப திருப்தி.

மூன்றாவதில் நம் பக்கத்துக் கதை. 1560இல் போர்த்துக்கீசியர் யாழ்ப்பாணத்தைத் தாக்கியபோது, கொள்ளையோடு ஒரு பல்லும் அகப்பட்டது. புத்தரின் பல் என்றார்கள். கோவாவுக்குக் கொண்டுபோனார்கள். பர்மாவின் பெகு அரசர் கொள்ளைப் பணம் தருகிறேன், கொடுங்கள் என்று தூதனுப்பினார். கஜானாவில் ஓட்டை விழுந்திருந்த வைஸ்ராய்க்கு நாக்கில் எச்சில் ஊறியது, பாதிரியார்கள் விடவில்லை. கடைசியில் பல்லை உரலில் போட்டு இடித்து, எரித்து, சாம்பலை ஆற்றில் கரைத்தார்கள். ஒரு பல்லுக்கு இத்தனை தண்டனை. ஆனால் சிங்கள பௌத்த மரபைக் கேட்டால் கதையே வேறு: உண்மையான பல் அங்கே போகவே இல்லை, அது தெல்கமுவ விகாரையில், கேழ்வரகு அரைக்கும் திரிகைக்குள் பத்திரமாக ஒளிந்திருந்தது. கோவாவில் ஒரு பல் உரலில் இடிபட்டது, இலங்கையில் ஒரு பல் திரிகையில் பிழைத்தது. அந்த விகாரை இருக்கிற மாவட்டத்தின் பெயர் இரத்தினபுரி. இந்த இடத்தில் நகைக்கடைக்காரர் விளம்பரத்தை அரைப் பக்கமாக உயர்த்தினார்.

(நியூட்டனின் பல் 1816இல் லண்டனில் 730 பவுண்டுக்கு விலைபோய், ஒரு பிரபுவின் மோதிரத்தில் ஏறியது என்று கின்னஸ் புத்தகத்தைப் பார்த்து ஒரு பெட்டிச் செய்தியும் போட்டிருக்கிறேன். அது நியூட்டன் பல்தானா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அதற்கு நான் பதில் போட்டதாகத் தெரியவில்லை.)

நான்காம் அத்தியாயம் வண்ணம். மத்திய காலத்தில் ஐரோப்பாவின் ஓவியர்களுக்கு ஆகச் சிறந்த நீலம் ஆப்கானிஸ்தானத்து லாபிஸ் லசூலி என்ற கல்லைப் பொடித்துத்தான் கிடைத்தது. தங்கத்துக்கு நிகரான விலை. அந்த நீலத்தைத் தொட்டு ஏடுகளில் சித்திரம் தீட்டிய ‘தாடிவைத்த துறவி ஐயாக்களை’ வர்ணித்து ஒரு பக்கம் உருகியிருக்கிறேன். பெண் வாடையே இல்லாத பக்கம்.

2019இல் ஒரு பல் எனக்குப் பதில் சொன்னது. ஜெர்மனியில் தால்ஹைம் என்ற இடத்தில், கன்னியர் மடத்துக் கல்லறையில், சுமார் ஆயிரம் ஆண்டுக்கு முன் புதைக்கப்பட்ட ஒரு பெண்மணியின் பல். பல்லில் படிந்த காரையை உருப்பெருக்கியில் பார்த்தால் நீலத் துகள்கள், லாபிஸ் லசூலி. தூரிகை முனையைக் கூராக்க அடிக்கடி நாக்கில் வைத்து நனைத்திருக்கிறாள் என்பதுதான் பொருத்தமான விளக்கம் என்றார்கள். அதாவது, அவ்வளவு உயர்ந்த வண்ணத்தை நம்பி ஒப்படைக்கும் அளவுக்கு அவள் கைதேர்ந்த ஓவியர். என் துறவி ஐயாக்களின் தாடி உதிர்ந்தது.

நினைத்துப் பாருங்கள்: அந்த அம்மாள் எங்கள் விளம்பரதாரரின் பல்பொடியைக் காலையும் மாலையும் தேய்த்திருந்தால், இந்த உண்மை வெளியே வந்தே இருக்காது.

சாக்குப்பை தலையில் விழுந்த அதிர்ச்சியிலோ என்னவோ, மறு வாரம் என் கடைவாய்ப் பல் ஒன்று உடைந்தது. மருத்துவர், “சிர்கோனியா கேப் போட்டுடலாம் சார்” என்றார். மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அமெரிக்கன் டைமண்ட் கம்மல் செய்வாங்களே, அந்த சிர்கோனியாவா டாக்டர்?”

“அதே சரக்குதாம்மா. தயாரிக்கிற முறை வேற.”

“நான் அந்தக் கம்மல் கேட்டப்ப, போலிக் கல்லு எதுக்குன்னீங்களே?” என்று என்னிடம் திரும்பினாள். வாயில் பஞ்சு இருந்தது, தப்பித்தேன்.

மருத்துவர் சீப்பு மாதிரி ஒன்றை எடுத்து என் உதட்டருகே பிடித்தார். பதினாறு பொய்ப் பல், பதினாறு நிறம். மனைவி புடவைக் கடையில் உட்காரும் அதே உட்காரலில் முன்னால் நகர்ந்து, ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தாள்.

“வெள்ளையெல்லாம் உள்ள வைங்க டாக்டர். அந்தக் கடைசில மஞ்சளா ஒண்ணு இருக்கே, அதைக் காட்டுங்க. மத்த பல்லோட சேரணும்ல.”