பந்தோடு ஓடிய நீதிபதி

கே: காலேஜில் பந்து பந்து என்று அலைந்தவன் எவனாவது உருப்பட்டிருக்கிறானா?

ப: பைரன் வைட். 1937-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் சூரர். பிற்பாடு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 31 வருஷம் நீதிபதி. போதுமா?

கே: நாம் உதைக்கிற அதே ஃபுட்பால்தானா?

ப: அங்கே பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடவேண்டும். எதிராளி கபடிக்காரன் மாதிரி மேலே விழுந்து அமுக்குவான். உதைப்பது எப்போதாவதுதான்.

கே: மைதானத்துக்கும் நீதிமன்றத்துக்கும் நடுவில் சும்மா இருந்தாரா?

ப: மூச்சைப் பிடித்துக்கொள்ளும். 1938-ல் பிட்ஸ்பர்க் அணியில் 15,000 டாலருக்கு மேல் சம்பளம். அந்த லீகில் அதுவரை யாரும் வாங்காத தொகை. பந்தோடு அதிக தூரம் ஓடியவரும் அவர்தான். அணி ஜெயித்தது என்னவோ இரண்டே ஆட்டம்! அங்கிருந்து ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்ட். யுத்தம் மூண்டதும் ஊர் திரும்பி யேலில் சட்டம். சீசன் வந்தால் டெட்ராய்ட் அணி. 1940-லும் ஓட்டத்தில் முதலிடம். பிறகு கடற்படை உளவுப் பிரிவு. இங்கே ஒரே வேலைக்கே வாரம் ஒரு லீவு லெட்டர்.

கே: சிபாரிசு இல்லாமலா அந்த நாற்காலி?

ப: 1943-ல் பசிபிக்கில் ஓர் அமெரிக்க ரோந்துப் படகை ஜப்பானியப் போர்க்கப்பல் இரண்டாகப் பிளந்தது. அதுபற்றிக் கடற்படைக்கு அறிக்கை எழுதிய இருவரில் வைட் ஒருவர். படகின் தலைவர் ஜான் கென்னடி. 1962-ல் வைட்டை நீதிபதியாக்கியதும் அதே கென்னடி. நான் எதுவும் சொல்லவில்லை. அறிக்கை நன்றாக எழுதியிருப்பார்!

கே: ரசிகர்கள் வைத்த பட்டப்பெயர்?

ப: ‘விஸ்ஸர்’, அதாவது விர்ரென்று பாய்கிறவர். வைத்தது ரசிகர்கள் இல்லை, பத்திரிகைக்காரர்கள். அவருக்கோ கேட்டாலே எரிச்சல். “நீங்கள் விஸ்ஸர் வைட்தானே?” என்று ஓட்டலில் பரிமாறிய பெண் கேட்டாளாம். “ஒரு காலத்தில்” என்றாராம்.

கே: கறுப்பு அங்கி போட்டதும் விளையாட்டு போச்சா?

ப: உச்ச நீதிமன்ற மாடியில், வழக்கு நடக்கும் கூடத்துக்கு நேர் மேலே, கூடைப்பந்துத் தளம் உண்டு. உதவியாளர் பையன்களை அங்கே முழங்கையால் இடித்துத் தள்ளுவார். மேல்முறையீடு கிடையாது.

கே: ஃபுட்பால் வழக்கு எதுவும் அவரிடம் வரவில்லையா?

ப: 1984-ல் வந்தது. டிவி ஒளிபரப்பைக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் கட்டுப்படுத்துவது செல்லாது என்றார்கள் ஏழு பேர். செல்லும் என்றவர்கள் இருவர். அதில் வைட் ஒருவர். பந்தாட்டம் படிப்பின் பகுதி, வெறும் வியாபாரம் இல்லை என்பது அவர் கட்சி. ஆடியவருக்கு இருந்த கூச்சம் ஆட்டத்தை விற்றவர்களுக்கு இல்லை.

கே: எல்லாருக்கும் இப்படி அமையுமா?

ப: ஜே பெர்வாங்கர் 1935-ல், கல்லூரி ஃபுட்பாலில் சிறந்தவருக்குத் தரும் ஹைஸ்மன் கோப்பையை முதன்முதலாக வாங்கியவர். தொழில்முறையில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ரப்பர், பிளாஸ்டிக் வியாபாரத்தில் இறங்கிவிட்டார். கோப்பையை அவருடைய அத்தை கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்தாராம்.

கே: என் பையனும் பந்தும் கையுமாகத்தான் திரிகிறான். வைட் மாதிரி வருவானா?

ப: அவர் பந்தாடிக்கொண்டே சட்டம் படித்தவர். உம்ம பையனின் புத்தகப் பையை ஒருதரம் திறந்து பார்த்துவிட்டு மறுபடி எழுதும்.