கரண்ட் பில் யாருடையது?

மே மாதக் கடைசியில் மின்வாரியத்தின் குறுஞ்செய்தி வந்து சேர்ந்ததும் வாடகை வீடுகளில் விசாரணை தொடங்கிவிடுகிறது. ஆளில்லாத அறையில் ஃபேனை ஓடவிட்டுப் போகும் பிள்ளை முதலில் மாட்டுவான். அடுத்தது சுவரில் செருகியே கிடக்கும் செல்போன் சார்ஜர். போன் மாட்டாமல் இரண்டு மாதம் சும்மா கிடந்தாலும் அது ஒரு யூனிட்டைத் தாண்டாது என்ற உண்மையை அந்த நேரத்தில் யாரும் காதில் வாங்குவதில்லை. பிறகு மாமியாரின் சீரியல், மருமகளின் இஸ்திரிப் பெட்டி என்று வழக்கு குடும்பப் பிரச்சினையாகும்போது, சமாதானத்துக்காக எல்லோரும் சேர்ந்து மீட்டரின் மேல் பழி போடுவார்கள். “மீட்டர் வேகமா ஓடுதுங்க.” மீட்டர் மறுத்துப் பேசாது என்பதால் தீர்ப்பு அங்கேயே முடிந்துவிடும். விசாரிக்கப்படாமல் தப்பிப்பவர் ஒருவர்தான், அவர் வீட்டுக்காரர். வாடகை வீட்டு மின்கட்டணத்தில் கணிசமான பகுதி, குடிவருகிறவர் அட்வான்ஸ் கொடுத்துச் சாவி வாங்குவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது என்பது என் கட்சி. முடிவு செய்தவர் ஒருவர், மாசாமாசம் வாடகையோடு சேர்த்து அதற்கு அழுகிறவர் இன்னொருவர்.

இதைப் புரிந்துகொள்ள முதலில் 501-ஆவது யூனிட்டைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். 2016 மே மாதத்திலிருந்து முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். 2022 செப்டம்பர் 10-ஆம் தேதி அமலுக்கு வந்த விகிதத்தை எடுத்துக்கொள்வோம்; 2024 ஜூலையில் இது கொஞ்சம் ஏறியது, ஆனால் படிக்கட்டின் அமைப்பு அப்படியேதான் இருந்தது. அதன்படி சரியாக 500 யூனிட் செலவழித்த குடும்பம் 1,725 ரூபாய் கட்டும். பக்கத்து வீட்டில் ஒரு யூனிட் கூடுதல், 501. அவர்கள் கட்ட வேண்டியது 1,958 ரூபாய். அந்த ஒரேயொரு யூனிட்டின் விலை 233 ரூபாய். 500-ஐத் தாண்டியதும், 100-க்கு மேல் 200 வரை கிடைத்துவந்த பாதி விலைச் சலுகை பின்தேதியிட்டுப் பறிபோகிறது. அதோடு புது யூனிட்டும் 8 ரூபாய் விகிதத்துக்குப் போகிறது. ஒரு நாளைக்கு 8 யூனிட் செலவாகும் வீட்டில் 60-ஆம் நாள் ரீடிங் எடுத்தால் 480 யூனிட், 1,605 ரூபாய். ரீடிங் எடுப்பவர் ஐந்து நாள் கழித்து வந்தால் 520 யூனிட், 2,110 ரூபாய். ஐந்து நாள் தாமதத்துக்கு 505 ரூபாய். கணக்கெடுக்க வருபவரை வாசலில் பார்த்ததும் காபி வேண்டுமா என்று சிலர் உருகுவதற்கு வெறும் விருந்தோம்பல் மட்டும் காரணமில்லை. மாதாமாதம் கணக்கெடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு, 2021 தேர்தல் வாக்குறுதிகளிலும் அது இருந்தது. ஆனால் யூனிட் வரம்புகளையும் பாதியாக்கிவிட்டு மாதாமாதம் எடுத்தால் ரீடிங் தாமதம் என்ற தொல்லை வேண்டுமானால் சின்னதாகும், சீராகச் செலவழிக்கும் வீட்டின் பில் பெரிதாக ஒன்றும் இறங்காது.

இந்தப் படிக்கட்டு சொந்த வீட்டுக்காரருக்கும் உண்டுதானே, வாடகைக்காரருக்கு மட்டும் என்ன தனிப் புலம்பல் என்று கேட்கலாம். படிக்கட்டு ஒன்றுதான். அதில் எந்தப் படியில் நிற்பது என்பதைச் சொந்த வீட்டுக்காரர் ஓரளவு தானே தீர்மானிக்கிறார். வாடகைக்காரரை ஏற்றிவிட்டுப் போவது கட்டடம். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பகல் முழுக்கச் சித்திரை வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம் ராத்திரி பத்து மணிக்கு மேல் அதை உள்ளே இறக்கும். இதைத் தடுக்க நம் கொத்தனார்களுக்கு வழி தெரியாமல் இல்லை. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு மேலே தட்டோடு பதிப்பது பழைய முறை, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு புது முறை. இரண்டுக்கும் செலவு செய்ய வேண்டியவர் வீட்டுக்காரர். செலவு செய்தால் குளிர்ச்சியாகத் தூங்கப் போகிறவர் வாடகைக்காரர். ஆகவே மாடியில் தட்டோட்டுக்குப் பதில் பழைய சிமெண்ட் தொட்டியும் உடைந்த சைக்கிளும் வெயில் காய்கின்றன. மனுஷன் ஏசியை நம்ப வேண்டியதாகிறது. ஒன்றரை டன் ஏசி மணிக்குச் சராசரியாக ஒரு யூனிட் எடுக்கிறது, ராத்திரி எட்டு மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் இரண்டு மாதத்தில் 480 யூனிட். மற்றதெல்லாம் சேர்த்து 400 யூனிட்டில் அடங்கியிருந்த வீடு 880-க்குப் போகும். 1,125 ரூபாயாக இருந்த பில் 5,350 ஆகும். ஏசியின் ஒவ்வொரு யூனிட்டும் கிட்டத்தட்ட 8 ரூபாய் 80 காசு விழுகிறது. தட்டோடு பதிக்காமல் மிச்சம் பிடித்த பணம் வீட்டுக்காரரிடம் ஒரே தடவை மிச்சமானது. அதற்கான தண்டத்தை வாடகைக்காரர் கோடைதோறும் கட்டுகிறார்.

அந்த ஏசியும் பல இடங்களில் வீட்டோடு வந்ததாகவே இருக்கும். “ஏசி இருக்குங்க” என்று சொல்லி வாடகையில் ஒரு தொகை ஏற்றியிருப்பார்கள். வீட்டு ஏசிகளுக்கு நட்சத்திர முத்திரை இந்தியாவில் 2010 முதல் கட்டாயம். சீலிங் ஃபேனுக்கு 2023 ஜனவரியில்தான் கட்டாயமானது. வாடகை வீட்டின் சாதனங்கள் பெரும்பாலும் இந்த இரண்டு தேதிகளுக்கும் முன்னால் பிறந்தவை. வீட்டுக்காரர் தன் வீட்டுக்குப் புதிது வாங்கியபோது மனசில்லாமல் இங்கே அனுப்பிவைத்தவை. பழைய ஃபேன் 75 வாட் எடுக்கிற இடத்தில் புது மாதிரி பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்டில் சுற்றுகிறது. அதை வாடகைக்காரரே வாங்கி மாட்டிக்கொள்ளலாம்தான். ஆனால் காலி செய்யும்போது கழற்றினால் சுவர் சுண்ணாம்பில் தொடங்கி அட்வான்ஸ் பிடித்தம் வரை பேச்சு நீளும்.

இதைவிட ரசமான சங்கதி ஒயரிங். “எல்லாம் புது ஒயரிங்” என்று சொல்லப்படும் கட்டடத்தில் மாடிப்படி விளக்கு யார் மீட்டரில் எரிகிறது என்பது பரம ரகசியம். பல கட்டடங்களில் அது கீழ் வீட்டுக் குடித்தனக்காரரின் தர்மத்தில் எரிகிறது. தண்ணீர் மோட்டாரும் சில நேரம் அதே தர்மத்தில் சேரும். ஒரு குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு முக்கால் யூனிட்டுக்குக் குறையாமல் இழுக்கும். சோதிப்பது சுலபம். வீட்டின் மெயினை அணைத்துவிட்டு மீட்டரில் சிவப்பு விளக்கு இன்னும் கண்சிமிட்டுகிறதா என்று பார்த்தால் போதும். சிமிட்டினால் உங்கள் செலவில் வேறு யாரோ வாழ்கிறார்கள். நியூட்ரல் விவகாரம் இதைவிட நுட்பமானது. மின்திருட்டைப் பிடிப்பதற்காக இப்போதைய எலக்ட்ரானிக் மீட்டர்கள் ஃபேஸில் ஓடும் கரண்டையும் நியூட்ரலில் ஓடும் கரண்டையும் ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் எது அதிகமோ அதைக் கணக்கில் எடுக்கும்படி செய்யப்பட்டவை. கட்டடத்தில் எலக்ட்ரீஷியன் சோம்பல்பட்டு இரண்டு வீட்டு நியூட்ரலை ஒன்றாக முறுக்கிவிட்டால், பக்கத்து வீட்டு கரண்ட் உங்கள் நியூட்ரல் வழியாகத் திரும்பும். உங்கள் மீட்டர் அதையும் உங்கள் கணக்கில் எழுதும். மீட்டர் தன் கடமையைச் செய்கிறது. அதைப் பரிசோதிக்கப் பணம் கட்டி மனு கொடுத்தால், பழுதில்லை என்றே பதில் வரும், அதுவும் உண்மைதான். திருட்டைப் பிடிக்க வந்த கருவி, திருட்டுப் போனவரிடமே வசூலிக்கிறது.

சப் மீட்டர் வைத்த வீடுகளின் கணக்கு தனி. ஒரே மின் இணைப்பை நான்கு குடித்தனங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று ஒரு ரவுண்டான விலை சொல்வார்கள். கேட்டால் “சேர்ந்து வர்றதால ஸ்லாப் ஏறிடுது, நமக்கே கையைக் கடிக்குது” என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போமே. வீட்டுக்கு 150 யூனிட், நாலு வீட்டுக்கு 600. ஸ்லாப் ஏறியதெல்லாம் சேர்த்து மேலே சொன்ன விகிதத்தில் வாரியத்துக்குக் கட்ட வேண்டியது 2,750 ரூபாய், அதாவது யூனிட்டுக்கு நாலரை ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். வசூல் 4,800. கையைக் கடித்த பிறகும் 2,050 மிச்சம். நாலு குடித்தனத்துக்கும் தனித்தனி இணைப்பு இருந்தால் வீட்டுக்கு 112 ரூபாய் 50 காசு, மொத்தமே 450 ரூபாய்தான் வந்திருக்கும். அரசு கொடுக்கும் 100 யூனிட் இலவசம் ஒவ்வொரு இணைப்புக்கும் உண்டு, ஆனால் அது சப் மீட்டரைத் தாண்டி உள்ளே வருவதில்லை. இதோடு வாரியம் அவ்வப்போது சராசரிச் செலவைப் பார்த்துக் கேட்கும் கூடுதல் வைப்புத்தொகையையும் சேர்த்துக்கொள்ளலாம். கட்டுவது குடியிருப்பவர். அது நிற்பது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் கணக்கில், அந்தப் பெயர் சில வீடுகளில் காலமாகிப் பல வருடமான தாத்தாவுடையது.

இப்போது ஆட்சேபங்களுக்கு வருவோம். “எல்லாம் சரி, ஏசியை 18-ல் வைத்துக் கம்பளி போர்த்திக்கொள்வதும் வீட்டுக்காரரா?” என்பது நியாயமான கேள்வி. இல்லை, அது நாம்தான். ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்று எரிசக்தித் திறன் செயலகம் சொல்கிறது. 2020 ஜனவரியிலிருந்து புது ஏசிகளெல்லாம் போட்டதும் 24-ல்தான் தொடங்கும்படி விதியும் செய்தார்கள். நம் மக்கள் ரிமோட்டை எடுத்து ஆறு தடவை அழுத்துவதைத் தடுக்கத்தான் எந்த விதியாலும் முடியவில்லை. இந்தக் குற்றத்தை முழுதாக ஒப்புக்கொண்டாலும் கணக்கு மாறாது. ஒரே 24 டிகிரியை, தட்டோடு பதித்த தளத்துக்குக் கீழே பிடித்து நிறுத்துவதற்கும் வெறும் கான்கிரீட்டுக்குக் கீழே பிடித்து நிறுத்துவதற்கும் ஆகும் யூனிட் வேறுவேறு. ரிமோட் குடியிருப்பவர் கையில் இருக்கிறது, கூரை இல்லை.

இன்னும் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. அப்படியானால் பில்லை வீட்டுக்காரரே கட்டட்டும் என்று சொல்லிவிடலாமா? சொல்ல மாட்டேன். கட்டுவது வேறொருவர் என்று தெரிந்தால் நாம் எப்படி நடந்துகொள்வோம் என்பதற்கு, ஹோட்டல் அறையில் கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு ஏசி வாங்கும் அத்தனை பேரும் சாட்சி. வாடகைக்குள்ளேயே கரண்ட் அடக்கம் என்றால் கூரை ஒருவேளை குளிரும், ஆனால் கெய்சர் நாள் முழுக்கக் கொதிக்கும். பில்லைக் குடியிருப்பவர் கட்டுவதில் தவறில்லை. கையெழுத்துப் போடும் முன் அது எவ்வளவு என்று அவருக்குத் தெரியாமல் இருப்பதில்தான் தவறு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வீட்டை வாடகைக்கு விடுகிறவர் அந்தக் கட்டடம் எவ்வளவு எரிசக்தி தின்னும் என்ற சான்றிதழைக் காட்ட வேண்டும். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. போன வருடம் ஏப்ரல், மே மாதங்களுக்கு வந்த பில்லைக் காட்டினால் போதும். மின் இணைப்பு எண் இருந்தால் ஒரு நிமிஷ வேலை. இரண்டாயிரம் ரூபாய் வாடகை குறைவான மொட்டை மாடி வீட்டுக்கும் நடு மாடி வீட்டுக்கும் உண்மையில் எவ்வளவு வித்தியாசம் என்பது அந்தத் தாளில் தெரிந்துவிடும். பேரம் அங்கிருந்து தொடங்கலாம். தட்டோடு பதிப்பதில் தனக்கும் ஒரு லாபம் இருக்கிறதே என்று வீட்டுக்காரருக்கு முதன்முறையாகத் தோன்றவும் கூடும்.

இப்படியெல்லாம் கேட்டால் யார் வீடு கொடுப்பார்கள் என்று புரோக்கர்கள் சிரிக்கலாம். வீடு பார்க்கப் போனால் சைவமா அசைவமா, எங்கே வேலை, எத்தனை பேர், ஊரிலிருந்து யார் யார் வருவார்கள், வந்தால் எத்தனை நாள் தங்குவார்கள், வண்டி எத்தனை, நாய் உண்டா, சுவரில் ஆணி அடிப்பீர்களா என்று வீட்டுக்காரர் கேட்பதற்கெல்லாம் நின்று பதில் சொல்கிறோம். பதிலுக்கு நாம் கேட்பது ஒன்றே ஒன்று, போன மே மாத பில். “போன மே மாசம் வீடு காலியா இருந்துச்சுங்களே” என்று அவர் சொன்னால் அதற்கு முந்தைய மே மாத பில்லைக் கேட்கலாம். “அப்பவும் யாரும் இல்லீங்க” என்றால் வேறு வீடு பார்க்கலாம். சித்திரை வந்தால் குடித்தனக்காரர்கள் காலி செய்துவிடும் வீட்டைப் பற்றி அதற்கு மேல் எந்த பில்லும் சொல்லிவிடப் போவதில்லை.