யூனிட் கணக்குப்பிள்ளை

மின்சாதனக் கடைக்குள் நுழைந்ததும் விலையை விசாரிப்பவன் சாமானியன், "ஒரு தடவை ஓடினா எத்தனை யூனிட் இழுக்கும்?" என்று விசாரிப்பவர் யூனிட் கணக்குப்பிள்ளை. 2016 முதல் தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாய்க் கிடைத்துவரும் பாக்கியத்தைத் துறந்து, மாதாமாதம் பில் நீட்டும் ஹைதராபாத்துக்குக் குடிவந்த துக்கம் அவருக்கு இன்றளவும் ஆறவில்லை. மாரேட்பள்ளியில் அவர் வீட்டு மீட்டர்ப் பெட்டியருகே நூலில் தொங்கும் நோட்டுப் புத்தகத்தில், சந்தியாவந்தனம்போல இருவேளையும் தவறாமல் ரீடிங் பதிவாகிறது.

அந்த நோட்டின் மூலமந்திரம் 200. 2022-ஆம் ஆண்டுத் தெலங்கானாக் கட்டண அட்டவணைப்படி மாதத்தில் 200 யூனிட் எரித்தால், நிலைக்கட்டணம் நீங்கலாக, 820 ரூபாய். மேற்கொண்டு ஒரே ஒரு யூனிட் கூடிவிட்டால், முதல் யூனிட்டிலிருந்தே வேறு விகிதம் பற்றிக்கொண்டு 1,027 ரூபாய் 70 காசு. ஆகவே 201-ஆவது யூனிட்டின் கிரயம் 207 ரூபாய் 70 காசு என்னும் மகா ரகசியத்தை, கல்யாணப் பந்தியில் பாயசம் வரும் வேளையிலும் அவர் பக்கத்து இலைக்காரருக்கு உபதேசிக்கத் தவறுவதில்லை. மாதக் கடைசியில் கணக்கு 196-ஐத் தொட்டுவிட்டால், ரீடிங் எடுப்பவர் வந்துபோகும்வரை அவர் வீட்டில் மாவரைப்பது ஒத்திவைக்கப்படும்.

இப்பேர்ப்பட்டவர்தாம், ஜூலை மழையில் துணி காயவில்லையென்று மனைவி மன்றாடியதன்பேரில், துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு டிரையர் வாங்கப் புறப்பட்டார். கண்டென்சர் ரகம் காற்றைச் சூடாக்கி, துணியின் ஈரத்தைக் கவர்ந்து, அந்த உஷ்ணத்தை வீணே இழப்பதால் முழுச் சுமைக்கு ஏறத்தாழ 4 யூனிட் விழுங்கும். ஹீட் பம்ப் ரகமோ பிரிஜ்ஜின் உபாயத்தால் அதே உஷ்ணத்தை மீட்டு மீட்டு உபயோகித்து, நேரம் கூடுதலாக எடுத்தாலும், 2 யூனிட்டோடு திருப்தியடையும். ஆனால் விலை 25,000 ரூபாய் அதிகம் என்றார்கள்.

நோட்டு வெளிவந்தது. மழைக்காலம் 4 மாதம். ஒன்றுவிட்டு ஒருநாள் வீதம் 60 ஓட்டம். மிச்சம் 120 யூனிட். யூனிட் 9 ரூபாய் என்று தாராளமாய் வைத்தாலும் ஆண்டுக்கு 1,080 ரூபாய். கூடுதலாய்ப் போட்ட பணம் திரும்ப 23 ஆண்டு! அதுவரை யந்திரம் இருக்குமா என்பது ஒருபுறமிருக்க, தாம் இருக்கவேண்டுமே என்று கவலைப்பட்டார். வருஷம் முழுவதும் தினம் ஓட்டினால் 4 ஆண்டுக்குள் பணம் திரும்பிவிடும். ஆனால் அதற்காக, மே மாதத்து 40 டிகிரி வெயிலில் மொட்டைமாடிக் கொடியில் தம்பிடி செலவின்றி மொடமொடவென்று காயும் துணியையும் யந்திரத்தில் திணிக்கவேண்டும். மலிவான ரகத்தையே வாங்கலாமென்றால், மாதம் 60 யூனிட் கூடி, அந்த 201-ஐத் தாண்டிவிடுமே! வாங்குவீர்களா மாட்டீர்களா என்று கடைப்பையன் தக்கணி உருதுவில் கேட்டபோது, அவர் நோட்டின் மூன்றாவது பக்கத்தில் இருந்தார்.

கணக்கில் பிழையில்லை, அதுதான் எனக்கு எரிச்சல். ஈரத்துணி அவர் வீட்டுக் கூடத்தில் தொங்க, 75 வாட் பழைய மின்விசிறிகள் மூன்று இரவில் 10 மணி நேரம் சுழல்கின்றன. அது 2.25 யூனிட், ஹீட் பம்ப்பைவிட அதிகம். சொன்னேன். "ஃபேன் எங்களுக்காக ஓடுது சார், துணி சும்மா கூட நின்னு காயுது" என்றார். விடிகாலையில் எழுந்து, பாதி ஈரமான பள்ளிச் சீருடையை அவர் மனைவி இஸ்திரிப்பெட்டியால் தேய்த்துத் தேய்த்துக் காயவைப்பதற்கு அந்த நோட்டில் பத்தியே கிடையாது.

ஆயினும் கீழ்வீட்டுப் பாட்டிக்கு ஒரு மாதம் தாறுமாறாய்ப் பில் வந்தபோது, அதே நோட்டுடன் போய் மூன்று மணி நேரம் வாதாடித் திருத்தி வாங்கிவந்தவரும் அவரேயாதலால், முற்றிலும் வைய மனம் வரவில்லை. அன்று கடையில் கடைசியாக ஒரு தீர்மானத்துக்கு வந்தார்: தீபாவளித் தள்ளுபடி வரட்டும், அப்போது வாங்கிக்கொள்ளலாம். தள்ளுபடி வந்தது, அதற்குள் மழை ஓய்ந்துவிட்டது. "வெயில் காயுது, இப்போ எதுக்கு சார் டிரையர்?" என்கிறார். அவர் பேச்சைக் கேட்டு என் வீட்டிலும் வாங்கவில்லை.