வேலியில ஒரு பொட்டு

வாங்கோ தம்பிமார், வாங்கோ பிள்ளையள். சப்பாத்தை வாசலில உதறிப்போட்டு வாங்கோ. நாளையிண்டைக்குப் பனிப்புயலாம், ஸ்காபரோப் பக்கம் உறைமழையும் சேர்ந்து கொட்டுமாம். தெருவை ஆயத்தப்படுத்தவேணும், அப்புவும் ரெண்டு வார்த்தை சொல்லட்டும் எண்டு என்னைக் கதிரையில இருத்தியிருக்கிறியள். நல்ல ஆளாத்தான் பிடிச்சிருக்கிறியள். ஐம்பது வயது மட்டும் நான் ஐஸைக் கண்டது ஐஸ்பழ வானிலதான்.

உங்கட ஆயத்தத்தை நேத்துக் கடையில பாத்தனான். ஆளுக்கொரு நாளைக்கு நாலு லீற்றர் தண்ணி, 72 மணித்தியாலத்துக்குக் காணக்கூடிய சாமான் எண்டு அரசாங்கம் சொல்லுது. சரியான புத்திதான். ஆனால் சனம் வண்டிலில ரொய்லட் பேப்பர் ஏத்தின ஏத்தைப் பாத்தால், மூண்டு நாளும் சாப்பாட்டைவிட மற்ற அலுவல்தான் கூட நடக்கும் போல கிடந்துது.

இந்த ஊர் ஸ்நோவுக்கு வெருண்ட கதை பழசு. 1999 ஜனவரியில ரெண்டு கிழமைக்குள்ள ஒரு மீற்றருக்கு மேல கொட்ட, மேயர் மெல் லாஸ்ட்மன் ஆமியைக் கூப்பிட்டவர். கனடாவில மற்ற இடத்துச் சனம் இண்டைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்குது. எங்களுக்குத்தான் சிரிப்பு வரேல்ல. ஆமி வருகுதெண்டால் பங்கருக்குள்ள ஓடின சனம் நாங்கள். ஷவலோட வாறாங்கள் எண்டதை நம்பவே எனக்கு ரெண்டு நாள் போச்சு.

ஸ்நோ பரவாயில்லை தம்பி, கண்ணுக்குத் தெரியும். உறைமழைதான் கள்ளன். மேல சூட்டுக்காத்துக்குள்ளால மழையா வரும், கீழ குளிரில தொட்ட இடத்தில ஐஸாய் ஒட்டும். 2013 டிசம்பரில, நத்தாருக்கு மூண்டு நாள் கிடக்க, அப்பிடித்தான் வந்தது. கொப்பு முறிஞ்சு வயரில விழ, டொரோண்டோவில மட்டும் மூண்டு லட்சம் இணைப்புக்குக் கரண்ட் இல்லை. நத்தார் முடிஞ்சும் சில வீடு இருட்டுத்தான். "எங்களுக்கென்ன, காஸ் ஹீற்றிங்" எண்டு நெஞ்சை நிமித்தினவையும் போர்வைக்குள்ள போச்சினம். காஸ் வந்துகொண்டுதான் இருந்தது. சூட்டைத் தள்ளுற காத்தாடிக்கல்லோ கரண்ட் வேணும். கிணறு நிறையத் தண்ணி, துலாக்கயிறு அறுந்துபோச்சு.

இதில மட்டும் நக்கல் இல்லை, காதைக் குடுத்துக் கேளுங்கோ. பார்பெக்யூ அடுப்பையோ ஜெனரேற்றரையோ வீட்டுக்குள்ள, கராஜுக்குள்ள மூட்டிப்போடாதேங்கோ. எங்கட ஊர்க் குசினியில கிடுகு இடுக்கால புகை போகும். நீங்கள் வீட்டைப் போத்தல் மாதிரி மூடி வைச்சிருக்கிறியள். கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நித்திரையில வந்து கூட்டிக்கொண்டு போயிடும். சுவருக்கு வெளியில நீட்டிக்கொண்டு நிக்கிற ஃபேனஸ் குழாயையும் ஸ்நோ மூடவிடாதேங்கோ.

உப்பும் மூட்டை மூட்டையா வாங்கியிருக்கிறியள். மாங்காய்க்கு உப்புத் தொட்டுத் திண்ட சனம், இப்ப றோட்டுக்குத் தீத்துது. மைனஸ் 10க்குக் கீழ போனால், ஆனையிறவு உப்பளத்தையே கொண்டுவந்து கொட்டினாலும் அது சோம்பிப்போய்க் கிடக்கும். மண்ணைத் தூவுங்கோ, கால் வழுக்காது. ஐம்பது தாண்டின வீரர்மார் ஷவலைப் பெடியளிட்டக் குடுங்கோ. ஈர ஸ்நோவைத் தூக்கி நெஞ்சைப் பிடிச்சால், அம்புலன்சுக்கு வழி வெட்டிறதுக்கும் ஆளில்லை.

இனித்தான் விஷயம். போன முறை ஒருத்தர் ட்ரைவ்வே வழிச்சதை ஜன்னலால பாத்துக்கொண்டிருந்தனான். பேர் சொல்லமாட்டன், இப்ப என்ர தேத்தண்ணியைத்தான் குடிச்சுக்கொண்டிருக்கிறார். பக்கத்து வீட்டு எல்லை வந்தவுடன, நூல் பிடிச்சமாதிரி டக்கெண்டு நிண்டிட்டார். கதியாலும் கிடுகும் இல்லாத முன்வளவில, ஸ்நோவிலயே வேலி அடைச்சுப்போட்டார் மனிசன்! தீயணைப்புக் குழாயைச் சுத்தி ஒருத்தரும் வழிக்கேல்ல. அது ஆற்ற எல்லைக்குள்ளயும் இல்லைத்தானே.

நான் குறை சொல்லேல்ல. எங்கட ஐயா அரையடி நிலத்துக்குச் சொந்தத் தம்பியோட பதினொரு வருசம் கோடேறினவர். ஆனால் அந்த வேலியில ஒரு பொட்டு இருந்தது, ஆள் குனிஞ்சு போற அளவில. கோட்டுக்குப் போகக் கேற், கறி மாத்தப் பொட்டு. 1964 டிசம்பரில, தனுஷ்கோடியைத் துடைச்ச அதே புயல் எங்கட கூரையையும் தூக்கின இரவு, சின்னையா அந்தப் பொட்டுக்குள்ளாலதான் வந்தார். நேரா மேற்கு அறை மூலைக்குப் போய், பாயோட ஆச்சியைத் தூக்கிக்கொண்டு போனார். விளக்கில்லை, ஆரையும் கேக்கவுமில்லை. ஆச்சி எங்க படுக்கிறா எண்டு எப்பிடித் தெரியும்? சின்னம்மா பொட்டுக்குள்ளால எட்டிப் பாத்து, ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சவா. புறணி எண்டு நீங்கள் பழிக்கிறது, எங்களுக்குக் குடிசனக் கணக்கெடுப்பு. அடுத்த தவணைக்கு ஐயாவும் சின்னையாவும் ஒரே பஸ்ஸிலதான் கோட்டுக்குப் போச்சினம்.

இஞ்ச? முன்வீட்டுக்காரன்ர கார் என்ன விலையெண்டு எல்லாருக்கும் தெரியும். அந்த வீட்டு பேஸ்மெண்டில ஆர் இருக்கினம்? பாத்தியளே, ஒருத்தரும் வாய் திறக்கேல்ல. போன கிழமை ஊரில இருந்து வந்த பெடியன், கையுறை எது, காலுறை எது எண்டே தெரியாமல் நிக்கிறான். சந்தியில நிக்கிற மாடிக் கட்டிடத்தில கரண்ட் போனால் லிஃப்ட் நிக்கும், மேல தண்ணி ஏத்துற பம்பும் நிக்கும். பன்னிரண்டாம் மாடியில ஆர் தனிய? ஆருக்கு ஒக்சிசன் மெசின்? ஆருக்குக் குளிசை முடியப்போகுது?

நாளைக்கு ஆளுக்கு ரெண்டு கதவு தட்டுங்கோ. உதவி செய்ய வந்தனான் எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ, ரோசக்காரர் கதவைச் சாத்திப்போடுவினம். ஒரு தட்டில நாலு வடையை வைச்சுக்கொண்டு, விடுப்புக் கேக்க வந்தமாதிரி நில்லுங்கோ. அதில எங்கட சனத்துக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை. கேட்டதைக் கலியாண வீட்டில கதைக்காமல், ஒரு கொப்பியில எழுதி வையுங்கோ.

என்னைப் பற்றிக் கவலைப்படாதேங்கோ. பின்வளவுக்கு அங்கால இருக்கிற போர்த்துக்கீசக் கிழவன்ர வீட்டில விறகு எரிக்கிற அடுப்பிருக்கு, நல்ல வைனும் இருக்கு. எப்பிடித் தெரியும் எண்டு கேக்கிறியள். பின்வேலியில ஒரு பலகை கழண்டு கிடக்குதெல்லே? போன மாரிக் காத்துக்கு விழுந்ததெண்டு என்ர மோன் நினைச்சுக்கொண்டிருக்கிறான். அடிக்கிறதுக்கு ஆணியும் வாங்கி வைச்சிட்டான்.

ஆராவது அவனிட்டச் சொல்லுங்கோ, புயல் முடியட்டுமெண்டு.