ஜாவாஸ்கிரிப்ட் விரதக்காரர்

சிறுசேரி சிப்காட் பக்கமோ பரனூர் மகிந்திரா சிட்டி பக்கமோ மென்பொருள்காரர்கள் நிற்கும் டீக்கடையில் இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். யாராவது ஒரு பக்கத்தின் முகவரியை அனுப்பினால், "எனக்கு வெறும் வெள்ளையாத்தான் வருது ப்ரோ" என்பார். குறை சொல்லும் குரல் அல்ல, பெருமை பொங்கும் குரல். பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட்டை அணைத்துவைத்திருப்பவர் இவர். ஏகாதசி விரதக்காரரைப் போல, எதையெல்லாம் விட்டுவிட்டார் என்பதை யாரும் கேட்காமலே சொல்வார். நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளத்தில் பல மெனுக்கள் இவருக்குத் திறப்பதில்லை. அதே வகைத் தளமான கிட்லாப்பில் கோப்பைக் கேட்டால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்போது இவர் முகத்தில் தெரிகிற திருப்தி, கேட்ட கோப்பு கிடைத்தவர்கள் முகத்தில்கூடத் தெரியாது.

ஆள் சிரிப்புக்குரியவர்தான், அவருடைய கேள்வி அப்படியல்ல. நிரல் என்பது வெறும் உரை. அதைக் காட்டும் தளம், காட்டுவதற்கு முன் தன்னுடைய நிரலை நம் கணினியில் ஏன் ஓட்ட வேண்டும்? 2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய, இந்தத் தளங்களுக்கு அடிப்படையான கிட் மென்பொருளுக்கு பிரவுசரே தேவையில்லை. லினக்ஸ் கெர்னலுக்கான திருத்தங்கள் இன்றும் மின்னஞ்சலில் போகின்றன. தளங்கள் நாம் அறியாமலே நம் கணினியில் ஓட்டும் நிரல்களைப் பற்றி ரிச்சர்ட் ஸ்டால்மன் 2009-லேயே எச்சரித்தார். 2016-ல் அவர் தொடங்கிய குனு திட்டம் நிரல் களஞ்சியத் தளங்களுக்கு மதிப்பெண் போட்டு, கிட்ஹப்புக்கு 'எஃப்' கொடுத்தது. அடுத்த தேர்வுக்குப் படிக்க கிட்ஹப் அவசரப்பட்டதாகத் தெரியவில்லை. "வசதிக்காகத்தானே சார் இதெல்லாம்?" என்பார்கள். பெரிய திருத்தத்தை மடக்கி விரித்துப் படிக்க ஸ்கிரிப்ட் உதவும் என்பது உண்மை. விரதக்காரர் அதை ஒப்புக்கொள்ளவே மாட்டார் என்பதும் உண்மை. ஆனால் படிப்பதற்கு மட்டும் என்றால் சோர்ஸ்ஹட் என்ற தளம் ஸ்கிரிப்ட் இல்லாமலே பக்கத்தைத் தருகிறதே. கிட்ஹப்பிலேயே ஒரு திருத்தத்தின் (கமிட்) முகவரி வாலில் '.patch' என்று ஒட்டினால் போதும், திருத்தம் வெறும் உரையாக வந்து விழும். கோவளம் தாண்டி மாமல்லபுரம் போகும் பஸ்ஸில் சிக்னல் நூலாக இளைக்கும்போது, இந்த வித்தை தெரிந்தவரே படித்துக்கொண்டு போவார்.

இப்போது ஒரு புது ஆட்சேபம் வந்திருக்கிறது, கொஞ்சம் கனமானது. செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களின் தரவு அறுவடை நிரல்கள் களஞ்சியங்களை மொய்ப்பதால், 2025-ல் க்னோம் போன்ற கட்டற்ற மென்பொருள் திட்டங்கள் வாசலில் 'அனுபிஸ்' என்ற காவலை நிறுத்தின. பிரவுசர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினால்தான் உள்ளே விடும். கணக்குப் போட ஜாவாஸ்கிரிப்ட் வேண்டும். கொள்ளைக்காரனுக்காகப் பூட்டிய கதவில் முட்டிக்கொண்டு நிற்பவர் நம் விரதக்காரர். சிறு தளங்கள் வேறு என்ன செய்யும் என்பதும் நியாயமான கேள்விதான். ஆனால் அனுபிஸின் வழக்கமான அமைப்பு, தன்னை 'மொசில்லா' என்று சொல்லிக்கொண்டு வருபவர்களிடம்தான் கணக்குக் கேட்கிறது. எல்லாப் பெரிய பிரவுசர்களும் அப்படித்தான் சொல்லிக்கொள்கின்றன. 1992-ல் பிறந்த, படமும் ஸ்கிரிப்ட்டும் அறியாத லிங்க்ஸ் என்ற பிரவுசர் அப்படிச் சொல்வதில்லை. அதனால் அது நேராக உள்ளே போய்விடும். இந்தச் செய்தி விரதக்காரர் காதுக்கு எட்டிவிட்டது. டீக்கடையில் இனி அடுத்தவர் பேச முடியாது.