சாரம் கட்டிய தொழில்நுட்ப உத்தியோகத்தர்

எங்கள் வீட்டில் வயர், பல்ப், ஆணி, அன்ரனா எல்லாவற்றுக்கும் பொறுப்பு நான்தான். இந்தப் பதவி எனக்குக் கிடைத்தது 1990களில். அப்போது போர்க்காலம், யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றினால் டைனமோ ரயரில் உரஞ்சும், றேடியோவில் பிபிசி தமிழோசை வரும். அப்பா சாய்மனைக் கதிரையில் கிடந்து செய்தி கேட்பார். நான் சுற்றுவேன். கை ஓய்ந்தால் வாசிப்பவரின் குரல் கிணற்றுக்குள் இறங்கிவிடும். அந்தச் செய்திகளில் என்ன சொன்னார்கள் என்று எனக்கு இப்போது ஞாபகமில்லை. எவ்வளவு நேரம் சொன்னார்கள் என்பது என் தோள்மூட்டுக்கு ஞாபகம்.

அந்தத் தகைமையை வைத்துக்கொண்டுதான் 2020 மார்ச்சில் மனைவிக்கு உதவப் புறப்பட்டேன். பள்ளிக்கூடங்கள் பூட்டு, யாழ்ப்பாணம் முழுக்க ஊரடங்கு. மனைவி வரலாறு படிப்பிப்பவ. கோப்பாய் ஆசிரியர் கலாசாலையில் பயின்றவ. ஒரு பிறிஸ்ரல் போட்டும் நாலு கலர்ப் பேனையும் கொடுத்தால் சங்கிலிய மன்னனின் அரசவையை அப்படியே வகுப்புக்குள் இறக்கிவிடுவா. அவவுக்கு ஒருநாள் போனில் ஒரு தகவல் வந்தது: நாளை முதல் வகுப்புகளைச் சூமில் நடத்தவும். எப்படி நடத்துவது என்பது அந்தத் தகவலில் இல்லை. இருந்திருந்தால் எனக்கு இந்தக் கதையில் வேலையே இருந்திராது.

“நீர் ஒண்டுக்கும் யோசியாதையும், நான் இருக்கிறன்” என்றேன்.

கதிரைக்கு மேல் முக்காலி, முக்காலிக்கு மேல் பால்மாப் பேணி, பேணியில் சாய்ந்தபடி போன். பிள்ளைகளுக்கு ரீச்சரின் நெற்றியும் எங்கள் முகட்டு ஓடும் தெரிந்திருக்கிறது. கோணத்தைச் சரிக்கட்ட நான் பின்பக்கத்தால் பதுங்கிப் போனேன். போர்த்துக்கேயர் வந்திறங்கும் இடத்தில் ஒரு குரல் கேட்டது: “மிஸ், உங்களுக்குப் பின்னாலை ஒரு ஐயா சாரத்தை அவிட்டுக் கட்டிக்கொண்டு நிக்கிறார்.” அன்று போர்த்துக்கேயர் இறங்கவில்லை.

அதோடு, வகுப்பு நாள்தோறும் சரியாக ஒரே நேரத்தில் அறுந்துபோகும். முதல் நாள் றவுட்டரை நிற்பாட்டிப் போட்டேன். இரண்டாம் நாள் பூவரசங் கொப்பு வயரில் முட்டுகிறதென்று தறித்தேன். மூன்றாம் நாள் நான் ஏணியில் நிற்கும்போது, பத்தாம் வகுப்புப் பொடியன் ஒருவன் மனைவிக்கு விளக்கிவிட்டான்: காசு கட்டாத சூம் 40 நிமிடத்தோடு தானாக நிற்குமாம். மரம் இன்னும் மொட்டையாகத்தான் நிற்கிறது.

இதெல்லாம் சில்லறை. பெரிய சேதம் வினாத்தாளில்தான்.

கூட்டுறவுச் சங்கத்தில் லிகிதராக இருந்த காலத்திலேயே நான் பாமினி எழுத்துருவில் தட்டெழுதப் பழகியவன். எங்கள் ஊரில் கல்யாணக் கார்ட்டிலிருந்து கண்ணீர் அஞ்சலி வரை பாமினிதானே. விரல்கள் பறக்கும். வினாத்தாளை ஒரே இரவில் அடித்து, வைபர் குறூப்பில் நானே போட்டேன். விடிய முதல் கேள்வி ஒரு தாயிடமிருந்து வந்தது: “ரீச்சர், இண்டைக்கு இங்கிலிஸ் பாடமோ?”

போனுக்குப் போன் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து கொட்டிக் கிடந்தன. “உங்கட போனிலை பிழை, ஓவ் பண்ணி ஓன் பண்ணுங்கோ” என்று மனைவியின் பெயரில் அறிவித்தேன். முப்பத்தெட்டுக் குடும்பங்கள் பணிவாக ஓவ் பண்ணி ஓன் பண்ணின. ஒரு தகப்பன் போனைத் திருத்தக் கொடுத்துவிட்டதாகவும் கேள்வி.

அன்று பின்னேரம் மனைவியிடம் முன்பு படித்த பிள்ளையொன்று, இப்போது பல்கலைக்கழகத்தில், போன் எடுத்தது. “அங்கிள், பாமினி உண்மையிலை தமிழ் இல்லை” என்று தொடங்கியதும் எனக்குத் தலை சுற்றியது. விசயம் இதுதான். பாமினியில் நான் ‘அ’ என்று அடிப்பதாக நினைப்பது கணினிக்கு ஆங்கில ‘எம்’. அதற்கு மேல் ‘அ’வின் உருவத்தைப் போர்த்திவிட்டிருக்கிறது, அவ்வளவுதான். பாமினி இல்லாத போனில் போர்வை கழன்று ‘எம்’ வெளியே வந்து நிற்கும். ‘அம்மா’ என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றாகிவிடும். யுனிகோட் அப்படியில்லை; அதில் தமிழுக்கென்றே 128 இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள், ‘அ’வுக்குச் சொந்தக் காணி. இருபது வருடமாக நான் ஆங்கிலம் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன், ஒருத்தரும் சம்பளத்தைக் கூட்டவில்லை.

அந்தப் பிள்ளை வினாத்தாளைச் சுரதாவின் பொங்குதமிழ் எழுத்துரு மாற்றியில் போட்டு நிமிடத்தில் யுனிகோட்டாக்கித் தந்தது. அதோடு விடவில்லை. மனைவியை வீடியோவில் கூப்பிட்டு, “மிஸ், நீங்களே அமத்துங்கோ, பிழைச்சாலும் பரவாயில்லை, நான் பாத்துக்கொண்டிருக்கிறன்” என்றது. இரண்டு பின்னேரங்கள். மூன்றாம் நாள் மனைவி தானே தமிழில் தட்டி, குரலைப் பதிந்து, படத்தில் அம்புக்குறி போட்டு அனுப்பினா.

எனக்குக் கொஞ்சம் சுட்டது. நானும்தானே படிப்பித்தேன்? யோசித்துப் பார்த்தால், என் படிப்பித்தல் எப்போதும் ஒரே வசனத்தில் முடிந்திருக்கிறது: “உமக்கு விளங்காது, கொண்டாரும் இஞ்சை.” இப்படிப் போனைப் பறித்துச் செய்துகொடுக்கும் கணவன்மாரும் மகன்மாரும் வீட்டுக்கு வீடு இருப்பதால்தான், பயிலரங்குக்கு மேல் பயிலரங்கு வைத்தும் ரீச்சர்மார் பழகவில்லை என்று கெட்ட பெயர் எடுக்கிறார்கள் என்பது என் துணிபு. இதை மனைவியிடம் சொல்லவில்லை. சாட்சிக்கு என்னையே கூப்பிடுவா.

2021 யூலை 12ஆம் திகதி ஆசிரியர் சங்கங்கள் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கச் சொல்லி இணையவழிக் கற்பித்தலை நிறுத்தின. வீட்டில் டேட்டாச் செலவு நின்றது. நானும் என் சேவையை நிறுத்தி ஒத்துழைக்கிறேன் என்று அறிவித்தேன். “நீங்கள் எப்பவோ செய்திருக்க வேணும்” என்று பதில் வந்தது.

கடைசி வாய்ப்பு 2022 மார்ச் முடிவில் வாய்த்தது. ஒரு நாளைக்கு 13 மணி நேர மின்வெட்டு. மே மாதம் சாதாரண தரப் பரீட்சை, மனைவி மீட்டல் பாடங்களைக் குரல்பதிவாக அனுப்பிக்கொண்டிருந்தா. போனில் 11 வீதம். என் காலம் திரும்பிவிட்டது! கோடிக்குள் கிடந்த பழைய சைக்கிளை விறாந்தைக்கு இழுத்து வந்து கவிழ்த்தேன். டைனமோ தருவது 6 வோல்ட் ஆடலோட்டம், போன் கேட்பது 5 வோல்ட் நேரோட்டம். இடையில் டயோட்டு நாலு பற்றவைத்தேன். மனைவி பக்கத்தில் இருந்து ஒல்லாந்தர் காலத்தைச் சொல்லச் சொல்ல, நான் சுற்றினேன். முக்கால் மணித்தியாலத்தில் 11 வீதம் 9 ஆனது.

இரவு ஒரு தாய் கேட்டிருந்தா: “ரீச்சர், பாடம் நல்லம். பின்னாலை மா அரைக்கிற சத்தத்தைக் கொஞ்சம் நிப்பாட்டேலாதோ?”

மனைவி குரல்பதிவிலேயே பதில் போட்டா: “அது மா இல்லை பிள்ளை, அவர்.”